அன்பரசியும் அரை விழாத மிஷினும்

சதுரங்கப்பட்டினத்திலிருந்து கல்பாக்கம் போகும் சாலையில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, எட்டடிக்குப் பத்தடியில் அன்பரசி ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். ஆதார் நகல், ரேஷன் கார்டு லேமினேஷன், மாணவர்களின் பிராஜெக்ட் பைண்டிங். அங்கே போகிறவர்கள் அவளைச் சிடுமூஞ்சி என்பார்கள். நீட்டிய காகிதத்தை வாங்கியதும் கண்ணாடியில் வைக்க மாட்டாள், படிப்பாள். அது ஆஸ்பத்திரிக் காகிதமாக இருந்தால் டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். அவள் ஏன் இப்படி ஆனாள் என்பது எனக்குத் தெரியும். கூட இருந்தவள் நான். அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் முப்பத்தோரு வருஷம் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவள். கடைசி ஆறு வருஷம் செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. நாற்பது படுக்கை. பெயர் வேண்டாம், வழக்கு நடக்கிறது. வீட்டுக்குப் போகும் நோயாளியின் ஆட்களை உட்கார வைத்து, எந்த மாத்திரை எப்போது, புண்ணை எப்படித் துடைப்பது, எதைக் கண்டால் ஓடி வரவேண்டும் என்று சொல்லி அனுப்புவது என் பொறுப்பு. சொல்வதற்கு ஆதாரமான டிஸ்சார்ஜ் காகிதத்தை அடித்துத் தருவது அன்பரசி.

அவள் திருக்கழுக்குன்றத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சின்ன ஊர்க்காரி. அம்மா நடவுக்குப் போனவள். அப்பா ஆபிரகாம் ஒப்பந்தக்காரர்களிடம் துப்புரவு வேலை பார்த்தார். வருஷா வருஷம் மேஸ்திரி ஒரு காகிதத்தை நீட்டுவான், அவர் கையெழுத்துப் போடுவார். பதினெட்டு வருஷம் கழித்து வேலை போனபோதுதான் அதில் என்ன இருந்தது என்று தெரிந்தது: ஒவ்வொரு வருஷமும் தானாக வேலையை விட்டு நின்று, மறு வருஷம் புதிதாகச் சேர்ந்ததாக எழுதியிருந்தது. அன்பரசிக்கு அப்போது பதினாறு வயது. அந்தக் காகிதங்களை வீட்டில் படித்துச் சொன்னவள் அவள்தான். அதற்குப் பிறகு படிக்காமல் எதையும் கைமாற்ற மாட்டாள். டைப்ரைட்டிங்கில் தமிழும் ஆங்கிலமும் ஹையர் முடித்தாள். கல்பாக்கத்துக்கு ஊழியர் பஸ் ஓட்டும் சாம் என்பவனைக் கட்டிக்கொண்டாள். ஒரே பெண், திவ்யா. ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அன்பரசிக்கு முப்பத்து நான்கு.

அவள் அடித்த காகிதத்தில் நான் ஒரு பிழையும் பார்த்ததில்லை. அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. நடந்ததைப் புரிந்துகொள்ள அது தெரிந்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் முன்பு ஒரே ஒரு பெரிய லேசர் பிரிண்டர் இருந்தது, மாடியில் லேப் பக்கத்தில். கீழேயிருந்து அன்பரசி பிரிண்ட் கொடுத்துவிட்டு மாடி ஏறி எடுத்து வருவாள். பிறகு நிர்வாகம் அதே கம்பெனியின் சின்ன பிரிண்டர்கள் மூன்று வாங்கியது. மருந்துக்கடைக்கு ஒன்று, நிர்வாக அறைக்கு ஒன்று, அன்பரசி மேசைக்கு ஒன்று. படி ஏறுவது மிச்சம் என்று அவளும் சந்தோஷப்பட்டாள்.

நான்காவது நாள் ஒரு காகிதத்தோடு என் மேசைக்கு வந்தாள்.

"சிஸ்டரம்மா, இத்த பாரு. டாக்டர் ஸ்கிரீன்ல அரை போட்டுகீறாரு. பேப்பர்ல காணோம்."

சர்க்கரை மாத்திரை. காலையில் ½ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. இன்னொரு காகிதத்தில் ஒன்றரை, வெறும் ஒன்றாக விழுந்திருந்தது. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு எழுத்து அளவுக்கு இடைவெளி. தெரிந்து பார்த்தால்தான் தெரியும்.

பிரிண்டர்களைப் பராமரிக்க ஒப்பந்தம் எடுத்தவன் வரதன். அப்போது டோனர் மாற்ற வந்திருந்தான். காகிதத்தைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தான்.

"யக்கா, இது கம்பெனிக்காரன் பண்ற பேஜாரு. வெளிய பாத்தா எல்லாம் ஒரே மிஷினு. நம்பர்ல ஒரு எழுத்து தான் வித்தியாசம். உள்ள பாஷ வேற. மாடில கீறது ரெண்டு பாஷ முழுசா பேசும். ஒங்களுது ஒரே பாஷ, அதுவும் அரைகுறையா கத்துகினு வந்துகீது."

"அரை எங்க வந்துச்சி? குறை மட்டும் தான் வந்துகீது" என்றாள் அன்பரசி.

"பாஷை என்றால் என்னப்பா?" என்று நான் கேட்டேன்.

"கம்ப்யூட்டரு பக்கத்த போட்டோ புடிச்சி அனுப்பறதில்ல சிஸ்டரம்மா. 'இந்த எடத்துல இந்த எழுத்த போடு'ன்னு சொல்லி அனுப்புது. அந்த எழுத்து மிஷின் கையில இருந்தா போடும். இல்லன்னா பெரிய மிஷினு கம்ப்யூட்டர்கிட்டயே கேட்டு வாங்கி போடும். இந்த சின்னது கம்முனு தாண்டி பூடும்."

"இல்லைன்னு சொல்லாதா?"

"சொல்லாது. சொன்னா நமக்கு தெரிஞ்சிடுமே. தமிழ் எழுத்து எல்லாம் படமா போறதால அது நல்லா வுழும். நம்பரும் இங்கிலீஷும் தான் இப்டி. படமாவே அனுப்பற மாதிரி செட்டிங் மாத்தலாம். ஒங்க சாப்ட்வேர்காரன் பூட்டி வச்சிகீறான். ஆபீஸ்ல எழுதி குடு, தொறந்து வுட சொல்லு."

அன்பரசி அன்றே தமிழில் ஒரு கடிதம் அடித்து, நிர்வாக அறையின் பொது ஃபோல்டரில் போட்டாள். மறு வாரம் கம்பெனியிலிருந்து வேறொரு ஆள் வந்தான். பிரிண்டரின் பட்டனை அழுத்தினான். கறுப்புப் பட்டையும் ஏ முதல் இசட் வரையும் உள்ள டெஸ்ட் பக்கம் பளிச்சென்று வந்தது. "நல்லா தான் வருது மேடம்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். அன்பரசி அவனிடம் அரையைப் பற்றிச் சொன்னாள். அவன் தனக்கு வந்த புகாரில் அப்படி எதுவும் இல்லை என்றான்.

அதற்குப் பிறகு அவள் தன் வழியைப் பார்த்துக்கொண்டாள். பிரிண்ட் எடுத்ததும் ஸ்கிரீனோடு ஒத்துப் பார்த்து, விழாத இடத்தில் சிவப்புப் பேனாவால் அரையைப் போட்டு வட்டமிடுவாள். பில்லிங்கில் இருந்தவர்கள் "டீச்சர், பத்துக்கு எத்தினி மார்க்கு?" என்று கிண்டல் செய்வார்கள். "ஒனக்கு ஒண்ணரை. அதுலயும் அரை வுழாது" என்பாள். ஒரு வருஷம் இப்படியே போனது. ஒரு தவறும் நடக்கவில்லை. தவறு நடக்காததால் யாருக்கும் அவசரமும் இல்லை.

பிறகு தரச் சான்றிதழுக்கான ஆய்வுக்கு ஏற்பாடுகள் தொடங்கின. நிர்வாகி ஆதித்யா, முப்பது வயதுப் பையன், சட்டை கசங்காமல் இருப்பான். ஆய்வுக்காரர்கள் அச்சிட்ட காகிதத்தில் கையெழுத்துத் திருத்தம் இருக்கக் கூடாது என்று சொன்னார்களாம். ஆய்வு நாளில் மிஷின்களின் மேல் சீட்டு எதுவும் ஒட்டியிருக்கக் கூடாதாம். சிவப்புப் பேனா நின்றது. மாடி பிரிண்டர் லேபுக்கு மட்டும் என்று ஆனது.

அன்பரசி வேறு வழி கண்டுபிடித்தாள். மருந்து அளவை டாக்டர்தான் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பார். அதில் அவள் கை வைக்க முடியாது. ஆனால் காகிதத்தின் அடியில் குறிப்புப் பெட்டி ஒன்று உண்டு. அதில் 'இரவு மாத்திரை ஒன்றரை' என்று தமிழ் எழுத்தில் அடிக்க ஆரம்பித்தாள். தமிழ் எழுத்துகள் படமாகப் போவதால் விழுந்தன. நானும் குறிப்புப் பெட்டியை முதலில் பார்த்துவிட்டு மேலே போகப் பழகினேன். பெட்டி காலியாக இருந்தால் அரை எதுவும் இல்லை என்று பொருள். எங்கள் இருவருக்கும் இடையில் அது ஒழுங்காக நடந்தது. எங்கள் இருவருக்கு மட்டும்.

திவ்யாவைக் காலேஜில் சேர்க்க அன்பரசி ஒரு வெள்ளிக்கிழமை லீவு எடுத்தாள். அவளுக்குப் பதிலாக பில்லிங்கிலிருந்து சுஜாதா உட்கார்ந்தாள். நல்ல பெண், வேலைக்கு வந்து மூன்று மாதம். பில்லிங் ஆட்களுக்கு டிஸ்சார்ஜ் பக்கத்தைத் திறக்க அனுமதி கிடையாது. எங்கள் ஆஸ்பத்திரியில் லீவு போடுகிறவர் பாஸ்வேர்டைப் போனில் சொல்லிவிடுவது வழக்கம். டாக்டர்களே அப்படித்தான் செய்தார்கள். காலேஜ் வரிசையில் நின்றபடி அன்பரசி சொன்னாள். அரையைப் பற்றிச் சொல்லவில்லை. அதற்குத்தான் மிஷின் மூடியில் 'அரை இருந்தால் குறிப்பில் எழுத்தில் அடிக்கவும்' என்று சீட்டு ஒட்டியிருக்கிறதே என்று நினைத்தாள். அந்தச் சீட்டை முந்தின நாள் மாலை, அவள் கிளம்பிய பிறகு, ஆய்வுக்காகக் கிழித்திருந்தார்கள்.

அன்று வீட்டுக்குப் போனவர்களில் ஒருவர் முனிசாமி. ஐம்பத்திரண்டு வயது. மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறை ஒன்றில் கல் அறுக்கும் பிளேடு மிஷின் ஓட்டுபவர். இதயத்தில் செயற்கை வால்வு வைத்த ஆள். அப்படிப்பட்டவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை உண்டு. குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும், கட்டி மூளைக்குப் போகும். கூடினால் ரத்தக் கசிவு. அவருக்கு அளவு குறைவாக இருந்ததென்று ஐந்து நாள் படுக்க வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றரையாக டாக்டர் ஏற்றியிருந்தார்.

காகிதத்தில் ஒன்று என்றுதான் இருந்தது. குறிப்புப் பெட்டி காலி. நான் அவர் மனைவி கன்னியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"ராத்திரி ஒரு மாத்திரை. ஒரு நாளும் விடக் கூடாது. பத்தாம் நாள் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டி வா."

கன்னியம்மா மாத்திரை அட்டைகளை எண்ணினாள். "பத்து நாளிக்கி பதினஞ்சு குட்த்துகீறாங்க. மிச்சம் எதுக்குங்க?"

"கூடுதலா கொடுத்திருப்பாங்க. பத்திரமா வெச்சுக்க."

வெளியே இன்னும் மூன்று குடும்பம் உட்கார்ந்திருந்தது. மருந்துக்கடைக்காரர்கள் ஸ்கிரீனைப் பார்த்து எண்ணிக் கொடுத்திருந்தார்கள். பத்து நாளைக்குப் பதினைந்து என்றால் ஒரு நாளைக்கு ஒன்றரை. அந்தக் கணக்கு எனக்குத் தெரியாததல்ல.

பத்தாம் நாள் காலை பரிசோதனைக்குக் கிளம்பும் நேரத்தில் முனிசாமி சட்டைப் பொத்தான் போட முடியாமல் கீழே சரிந்தார். ஆம்புலன்ஸில் எங்களிடமே கொண்டு வந்தார்கள். வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வாய் கோணி, பேச்சு இல்லை. கன்னியம்மா காகிதத்தையும் மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். அட்டையில் ஆறு மாத்திரை மிச்சம். ஒன்றரை மட்டும்தான் மிச்சம் இருந்திருக்க வேண்டும்.

நான் பையை எடுத்துக்கொண்டு அன்பரசியிடம் போனேன். காகிதத்தை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். ஒன்றுக்குப் பக்கத்தில் இடைவெளி இருந்தது.

"மிஷின் முழுங்கிட்ச்சி சிஸ்டரம்மா" என்றாள். பிறகு காகிதத்தின் அடியைப் பார்த்தாள். தயாரித்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது.

விசாரணை நிர்வாக அறையில் நடந்தது. ஆதித்யா, வக்கீல் ஒருவர், அன்பரசி, நான். சுஜாதாவைக் கூப்பிடவில்லை, கம்ப்யூட்டர் கணக்குப்படி அன்று காகிதத்தை அடித்தவள் அன்பரசிதான்.

"நான் போன வருஷமே எழுதி குட்த்தேன் சார், இந்த மிஷின்ல அரை வுழாதுன்னு" என்றாள் அன்பரசி.

ஆதித்யா ஃபைலைப் புரட்டி ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் திருப்பினான். "இதுதானே மேடம்? படிங்க."

அவள் படித்தாள். தாளை என்னிடம் நகர்த்தினாள். நானும் படித்தேன். 'டிஸ்சார்ஜ் மேசை பிரிண்டரில்   விழுவதில்லை. உடனே சரி செய்யவும்' என்று இருந்தது. அவள் கம்ப்யூட்டரில் ½ என்று குறியாகவே அடித்திருந்தாள். நிர்வாக அறைக்காரர்கள் அதை ஃபைலுக்காகப் பிரிண்ட் எடுத்தது அவர்கள் அறையில் இருந்த மிஷினில். அதுவும் அதே சின்ன மிஷின்.

"ஒண்ணுமே விழலைன்னு கம்ப்ளெயின்ட் பண்ணியிருக்கீங்க. ஆள் வந்தாங்க, டெஸ்ட் பேஜ் எடுத்தாங்க, நல்லா விழுது. நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நாங்க வேற என்ன பண்ணணும்?"

"அந்த லெட்டர கம்ப்யூட்டர்ல தொறந்து பாருங்க சார்."

"பழைய ஃபோல்டர் எல்லாம் அழிச்சாச்சு."

நான் வரதன் சொன்னதைச் சொன்னேன். குறிப்புப் பெட்டியைச் சொன்னேன். பதினைந்து மாத்திரையைச் சொன்னேன். வக்கீல் பேனாவின் மூடியைக் கழற்றவே இல்லை. நான் பேசி முடித்ததும் "நீங்க போய் டூட்டியப் பாருங்கம்மா" என்றார். நான் எழுந்திருக்கவில்லை.

வக்கீல் ஒரு காகிதம் கொண்டு வந்திருந்தார். 'மருத்துவர் குறிப்பிட்ட அளவை என் கவனக்குறைவால் தவறாகப் பதிவு செய்தேன்' என்று அதில் அடித்திருந்தது. ஆதித்யா ஒளிவுமறைவாகப் பேசவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"மேடம், ஒரு ஸ்டாஃப் பண்ண தப்புன்னு போனா இது ஒரு கேஸ். மிஷின்னு போனா ஒண்ணரை வருஷத்து டிஸ்சார்ஜ் அத்தனையும் எடுத்து, ஒவ்வொரு பேஷண்டையும் கூப்பிட்டுப் பார்க்கணும். ஆஸ்பத்திரிய மூடிட்டுப் போக வேண்டியதுதான். நீங்க கையெழுத்துப் போட்டா நீங்க ரிசைன் பண்ணதா முடிச்சுக்கறோம். இல்லைன்னா பாஸ்வேர்டு கொடுத்ததுக்கு உங்களையும் சுஜாதாவையும் டிஸ்மிஸ் பண்ணணும்."

அன்பரசி காகிதத்தை மூன்று தடவை படித்தாள்.

"கையெழுத்து போட்டா மிஷின எடுப்பீங்களா?"

"எந்த மிஷின்?"

"என் டேபிள்ல கீறது. ஆபீஸ்ல, மருந்துக்கடைல கீறது. மூணும். நான் பூட்டேன்னா நாளைக்கி எவ உக்காந்தாலும் அவளுக்கு அரை தெரியாது. இன்னிக்கே எடுக்கணும்."

ஆதித்யா வக்கீலைப் பார்த்தான். வக்கீல் தோளைக் குலுக்கினார். "எடுத்துடலாம்" என்றான் ஆதித்யா.

"அன்பு, போடாதே" என்றேன். "உங்கப்பாவை நினைச்சுப் பாரு."

"எங்கப்பா படிக்காம போட்டாரு. நான் படிச்சிட்டு போடறேன்" என்றாள். போட்டாள்.

மாலையே வரதன் வந்து மிஷின்களைக் கழற்றினான். அவள் மேசையில் இருந்ததைக் கழற்றும் முன், முனிசாமியின் காகிதத்தை அதில் ஒரு பிரதியும் மாடி பிரிண்டரில் ஒரு பிரதியும் எடுத்தான். மேசை மிஷினில் ஒன்று, மாடி மிஷினில் ஒன்றரை. இரண்டையும் மடித்து அன்பரசியிடம் கொடுத்தான். "என் பேர மட்டும் சொல்லாதக்கா. கான்ட்ராக்ட் பூடும்." எங்கள் ஆஸ்பத்திரி மட்டும் இல்லை, செங்கல்பட்டில் ஏழு இடம் அவன் கையில். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

நானும் அந்த மாதமே நின்றுவிட்டேன். வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்தேன். அன்பரசி நான்கு ஆஸ்பத்திரிகளில் வேலை கேட்டாள். முந்தின இடத்துக்குப் போன் போட்டு விசாரித்ததும் நான்கிலும் கதவு மூடியது. சாம் தன் சேமிப்பைப் போட்டு ஒரு பழைய ஜெராக்ஸ் மிஷின் வாங்கிக் கொடுத்தான்.

எட்டு மாதம் கழித்து, நான் பூஞ்சேரியில் ஒரு வீட்டில் இருந்தபோது அன்பரசி போன் செய்தாள்.

"சிஸ்டரம்மா, கடைக்கு வா. இன்சூரன்சுக்கு நகல் எடுக்க ஒரு பேப்பர் வந்துகீது."

போனேன். மீனவக் குடும்பத்துப் பெண் வரலட்சுமி, மாமியாரின் டிஸ்சார்ஜ் காகிதத்தோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் பழைய ஆஸ்பத்திரி மாமல்லபுரத்தில் புதிதாகத் திறந்திருந்த கிளையின் காகிதம். தைராய்டு மாத்திரை, காலையில் ஒன்று. ஒன்றுக்குப் பக்கத்தில் இடைவெளி.

மூவரும் பஸ் பிடித்துக் கிளைக்குப் போனோம். முன் மேசையில் ஒரு சின்ன பிரிண்டர். மூடியின் இடது மூலையில் விரல் நீளத்துக்குப் பழைய பசைத் தடம், அழுக்குப் பிடித்துக் கறுத்திருந்தது. அன்பரசி ஒட்டிய சீட்டு இருந்த இடம். அவள் விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாள். மேசையில் இருந்த பெண் "இன்னா மேடம் வேணும்?" என்றாள். நான் வரலட்சுமியை உள்ளே கூட்டிப் போய் டாக்டரிடம் கேட்டேன். ஒன்றரைதான். பேனாவால் எழுதி வாங்கினேன்.

வெளியே அன்பரசி வெயிலில் நின்றிருந்தாள்.

"எடுத்துடலாம்னான். எடுத்தான். முப்பது கிலோமீட்டர் தள்ளி வச்சிகீறான். நான் கையெழுத்து போட்டு வாங்கனது அவ்ளோ தான்."

அங்கிருந்து பட்டறைத் தெரு நடக்கும் தூரம். அவள் முன்னே நடந்தாள். எங்கே போகிறாள் என்று தெரிந்தது, நான் தடுக்கவில்லை.

முனிசாமி தகரக் கொட்டகையில் கட்டிலில் கிடந்தார். சுற்றிலும் கல் தூசி. நான் முதலில் அவரைப் புரட்டி முதுகைப் பார்த்தேன். இடுப்பில் புண் ஆரம்பித்திருந்தது. பெயரைச் சொன்னதும் கன்னியம்மாவுக்கு அன்பரசி யாரென்று தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்காரர்கள் காட்டிய, அன்பரசி கையெழுத்துப் போட்ட காகிதத்தில் பெயர் பார்த்திருந்தாள்.

"எட்டு மாசமா ஒன் பேர தான் வாயில போட்டு மென்னுகினு கீறேன். இப்ப இன்னாத்துக்கு வந்த?"

அன்பரசி இரண்டு பிரதிகளையும் கட்டிலின் மேல் வைத்து விரலால் காட்டினாள். மிஷினைச் சொன்னாள், சீட்டைச் சொன்னாள், பாஸ்வேர்டைச் சொன்னாள். தனக்குச் சாதகமாக எதையும் முன்னே பின்னே மாற்றவில்லை.

"அப்ப நீ இல்லங்கற."

"நான் இல்லங்கல. கையெழுத்து என்னுது. அதுல எழுதிகீறது பொய்."

"பொய்க்கு எதுக்கு கையெழுத்து போட்ட?"

"மிஷின எடுக்கறேன்னாங்க."

"எடுத்தாங்களா?"

"எடுத்து ஒங்க ஊருக்கே கொண்டாந்து வச்சிட்டாங்க."

கன்னியம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ தானே படிச்சி காட்ன? மிச்சம் எதுக்குன்னு நான் கேட்டேனா இல்லியா?"

"கேட்ட."

"பத்திரமா வெச்சுக்கன்னு சொன்ன."

"சொன்னேன்."

கட்டிலிலிருந்து முனிசாமியின் இடது கை அந்தப் பிரதிகளை நோக்கி நகர்ந்தது. எடுக்க முடியவில்லை. கன்னியம்மா இரண்டையும் எடுத்து மடித்து ரவிக்கையில் செருகிக்கொண்டாள். "எங்க வந்து சொல்லணும்னாலும் ரெண்டு பேரும் வருவீங்களா?" என்று கேட்டாள். வருவோம் என்றோம். டீயோ தண்ணீரோ தரவில்லை. நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

நுகர்வோர் நீதிமன்றத்தில் மனு போட்டோம். நோட்டீஸ் போன மறு வாரம் கிளையின் முன் மேசையில் இருந்த மிஷின் காணாமல் போனது. எங்கே போனது என்று தெரியவில்லை. வரதனிடம் கேட்டால் போனை எடுப்பதில்லை. முனிசாமி போன ஆடியில் இறந்தார். படுக்கைப் புண், பிறகு நுரையீரலில் சளி. கடைசி மூன்று வாரம் நான் தினமும் போனேன். கன்னியம்மா என்னோடு வேலை பற்றி மட்டும் பேசினாள்.

எதிர்த் தரப்பு வக்கீல் அன்பரசியைக் கூண்டில் நிறுத்தி அவள் கையெழுத்தைக் காட்டினார். "அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?" என்றார்.

"அன்னிக்கி."

"பொய்க் கையெழுத்துப் போடற ஆளு நீங்க."

"ஒரு வாட்டி போட்டேன்" என்றாள். அதையும் எழுதிக்கொண்டார்கள். அடுத்த தேதி தள்ளிப் போய்விட்டது, அதற்கடுத்ததும். வாய்தா நாளில் கடையை மூடிவிட்டுக் காலையிலேயே கிளம்புகிறாள்.

போன செவ்வாய்க்கிழமை நான் கடையில் இருந்தபோது, ஊழியர் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் ஒரு காகிதத்தை நீட்டினார். வேறு ஏதோ ஆஸ்பத்திரி. அன்பரசி டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தாள்.

"ஜெராக்ஸ் எடுக்க சொன்னா படிச்சிகினு கீற?"

"அண்ணாத்த, இது அப்பாவுக்கா? பிரஷர் மாத்திர ஒண்ணா, ஒண்ணரையா?"

"அதுல இன்னா போட்டுகீதோ அது தான்."

"அதுல எடம் காலியா கீது. டாக்டர ஒரு வாட்டி கேட்டுகினு குடு."

"ஒன் வேலைய பாரும்மா. பஸ்ஸு பூடும்."

நகலை வாங்கிக்கொண்டு அவர் ஓடிப்போய் பஸ் ஏறினார். அன்பரசி மிஷின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு இன்னொரு நகல் எடுத்தாள். அவர் அசலைக் கண்ணாடியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். அதன் தலைப்பில் இருந்த ஆஸ்பத்திரி நம்பருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. கடைக்கு வந்த அடுத்த ஆளைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் போட்டாள்.